குடவோலைச் சீமையில் கூடாத சபை

2020ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள். தில்லியிலே புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. பூமி பூசை முடிந்தது. பல சமயத்தாரின் வேண்டுதல்களும் முடிந்தன. தலைமை அமைச்சர் பேச எழுந்தார். மக்களாட்சி பிற நாட்டார் நமக்குக் கற்றுத் தந்ததன்று, இந்த மண்ணிலேயே அதற்கு வேர் உண்டு எனும் பொருள்படப் பேசினார். வேருக்குச் சான்று வேண்டுமே! ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். எந்த ஊர்? காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்!

நமக்குப் பெருமைதான். நாடே கேட்கும் மேடையில் நம் மாவட்டத்துச் சிற்றூரின் பெயர் ஒலித்தால் எவருக்குத்தான் இனிக்காது? ஆனால், தோழர்களே, புகழுரை ஒலித்த அதே நாளில் அந்த உத்திரமேரூர் எந்தக் கோலத்தில் இருந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டாமா?

பேரூராட்சியாகிய உத்திரமேரூருக்கு அன்று மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அதனைச் சூழ்ந்துள்ள ஒன்றியத்தின் 73 ஊராட்சிகளுக்கும் தலைவர் இல்லை; மன்றம் இல்லை. 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் வரவில்லை. தனி அலுவலர் வந்தார்! 2019 டிசம்பரில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும், மாவட்டப் பிரிவினையால் எல்லை மாறிய 9 மாவட்டங்கள் விடுபட்டன. அந்த ஒன்பதில் ஒன்று காஞ்சிபுரம். ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் என்று அரசியல் சட்டம் விதித்திருக்க, அந்த ஐந்தாண்டு முழுவதும் குடவோலைச் சீமைக்குத் தேர்தலே இல்லை. போதாக்குறைக்குக் கொரோனாத் தொற்றைக் காரணம் காட்டிக் கிராம சபைகளும் நிறுத்தப்பட்டுவிட்டன. 2020ஆம் ஆண்டின் மே முதல் நாள், ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய மூன்று நாட்களுக்கும் உரிய சபைகள் தமிழ்நாட்டில் எங்குமே கூடவில்லை.

கல்லிலே சபை, சொல்லிலே சபை, ஊரிலே சபை இல்லை. இந்த விந்தையின் வரலாற்றைத்தான் இங்கே எழுத முனைகிறேன். சபை கூடாத அந்த நாட்களில் பொதுப்பணி புரிந்தவர்களும் உரிமைக்குக் குரல் கொடுத்தவர்களும் என்ன வழி கண்டார்கள், எந்த வழி எதுவரை சென்றது, எங்கே நின்றுவிட்டது என்பதே செய்தி.

முதலில் கல்வெட்டைப் பார்த்துவிடுவோம். பலர் அதனைப் போற்றுகிறார்கள், படித்தவர் சிலரே. வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் அது இருக்கிறது. முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற இரண்டு ஏற்பாடுகள் அவை. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்தார்கள். தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தார்கள். ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று அமர்த்தினார்கள். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை நீக்கினார்கள். அவன் உறவினனையும் நீக்கினார்கள். ஒரு முறை இருந்தவன் மூன்றாண்டு கழித்தே மீண்டும் வரலாம் என்றார்கள். கணக்குக் காட்டாதவனின் மைத்துனனுக்கும் இடம் இல்லை! இதை இக்காலத்துக்குக் கொண்டுவந்தால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நல்ல விதிகள். மறுக்கவில்லை. ஆனால் குடத்துக்குள் எவர் பெயர் சென்றது? அவ்வூரின் அந்நாளைய பெயரே விடை சொல்லும்: உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். பார்ப்பனர்க்கு வழங்கப்பட்ட பிரமதேயம். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும். மந்திரமும் பிராமணமும் அறிந்திருக்கவேண்டும். ஒரு வேதத்திலும் ஒரு பாடியத்திலும் வல்லவனானால் அரைக்கால் வேலியே போதும் என்ற சலுகையும் உண்டு. வேதம் படித்தால் நிலத்தில் தள்ளுபடி! அந்த நிலத்தை உழுதவனுக்கு? ஏரி வாரியத்தார் காத்த ஏரியின் மதகைத் திறந்தவனுக்கு? நாற்று நட்ட பெண்ணுக்கு? குடத்தில் அவர்களுக்கு ஓலை இல்லை.

ஆகவே, உத்திரமேரூர்ச் சபையின் நேர்வாரிசு என்று இன்றைய கிராம சபையைச் சொல்வது, வாரிசுக்கு இழைக்கும் அநீதி. 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டின் ஊராட்சிகள் சட்டம் 1994இல் பிறந்தது. அவற்றின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், சொந்த மனையும் வேண்டாம். பிறப்பால் எவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், அலுவலர் முன்னிலையில் எழுந்து நின்று, "அந்தச் சாலைக்கு எழுதிய பணம் எங்கே?" என்று கேட்கலாம். கேட்டதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதியாகவேண்டும். 500 பேர் வரை வாழும் ஊராட்சியானால் ஐம்பதின்மர் வந்தால் போதும். பத்தாயிரத்துக்கு மேற்பட்டதாயினும் 300 பேர் போதும். சபைக்கும் சபைக்கும் இடையே ஆறு திங்களுக்கு மேல் இடைவெளி கூடாது.

அந்த ஆறு திங்கள் விதியை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். மீண்டும் அதனிடம் வருவேன்.

2020 மார்ச் 24 நள்ளிரவில் நாடு தழுவிய ஊரடங்கு வந்தது. கொடிய நோய் அது. கூட்டம் கூடாதீர் என்றது அறிவியல். பகுத்தறிவாளர் அதை ஏற்றார்கள். ஏற்கத்தான் வேண்டும். வேப்பிலையால் விரட்டலாம், விளக்கேற்றினால் ஓடும் என்று பேசியோர் பேசிக்கொண்டிருக்க, முகக்கவசம் அணிந்து விலகி நின்றவர்களே உயிர்களைக் காத்தார்கள். ஆனால் போராட்டம் என்பதே கூட்டம்தானே! ஊர்வலம், உண்ணாநோன்பு, மறியல், மாநாடு என்று நாம் அறிந்த கருவிகள் யாவும் ஆட்கள் ஒன்றுசேர்வதால் ஆனவை. ஒன்றுசேராதே என்றால் என்ன செய்வது?

இக்கேள்வி நமக்கு மட்டும் எழுந்ததன்று. 1918இல் நச்சுக் காய்ச்சல் உலகைச் சூறையாடியபோது, அமெரிக்காவில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய மாதர் இதே இக்கட்டில் சிக்கினர். மாநில வாக்கெடுப்புகள் நெருங்கும் நேரத்தில் பொதுக்கூட்டங்களுக்குத் தடை. மேடையை விட்டு அச்சகத்துக்குச் சென்றார்கள். துண்டறிக்கையும் செய்தித்தாளும் அவர்களின் மேடையாயின. அவ்வாண்டு நவம்பரில் மிச்சிகன், தெற்கு டகோட்டா, ஓக்லகோமா ஆகிய மூன்று மாநிலங்களில் வென்றார்கள்.

தமிழ்நாட்டிலே முதற்கவலை பசி. தொண்டு அமைப்புகளும் கட்சித் தோழர்களும் அரிசியோடு தெருவுக்கு வந்தனர். 2020 ஏப்ரலில், எவரும் நேரே கொடுக்கக்கூடாது, அரசின் வழியாகவே தரவேண்டும் என்று ஆணை பிறந்தது. நோய் பரவுமாம்! வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. 48 மணி நேரத்துக்கு முன் அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டு, ஓட்டுநர் நீங்கலாக மூவருக்கு மிகாமல் சென்று கொடுக்கலாம் என்று நீதிமன்றம் வழிகாட்டியது. சிறிய செய்தியாகத் தோன்றும். ஆனால் அந்த மூவரின் வண்டிதான் அடுத்த பல திங்கள் தமிழ்நாட்டுப் பொதுப்பணியின் அளவாயிற்று. மாநாடு கூட்டத் தெரிந்தவர்கள், மும்மூவராகப் பிரியக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த கருவி கைபேசி. அதன் ஆற்றலுக்கு நான் அறிந்த சிறந்த சான்று அண்டை மாவட்டமாகிய திருவள்ளூரில் இருக்கிறது. புதுக்குப்பம் செங்கல் சூளையில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைத்தன. 2020 மே மாதம் ஊருக்கு அனுப்பக் கேட்டபோது ஆட்களை ஏவி அடித்தார்கள். அங்கே இருந்த 19 வயதுப் பெண் ஒருத்தி, காயம்பட்டோரின் படங்களையும் ஓலத்தையும் வாட்ஸ்அப்பில் வெளியுலகுக்கு அனுப்பினாள். தொண்டு அமைப்பினர் கண்டனர், காவலர் வந்தனர், அந்தச் சூளையோடு நிற்காமல் மாவட்டத்தின் மற்றச் சூளைகளும் சோதிக்கப்பட்டன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பினர். பேரணி இல்லை, முழக்கம் இல்லை. பெருவிரல் ஒன்று அசைந்தது!

மற்றொன்று சுற்றுச்சூழல் பற்றியது. தொழிற்சாலை வருமுன் ஊராரைக் கேட்கும் முறையைத் தளர்த்தும் வரைவு அறிக்கையொன்றை ஒன்றிய அரசு ஊரடங்கு தொடங்கிய வாரத்திலேயே உருவாக்கியது. கருத்துச் சொல்ல மக்களுக்கு இருந்த 30 நாள் இருபதாகக் குறையும் என்றது அது. எந்த மொழியில் சொன்னார்கள்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! தில்லி உயர்நீதிமன்றம் தலையிட்டு, 22 மொழிகளிலும் பெயர்க்கவேண்டும், ஆகஸ்டு 11 வரை காலம் தரவேண்டும் என்றது. தமிழ்நாட்டின் இளைஞர்கள் அந்தக் காலத்தைப் பயன்படுத்தினார்கள். பூவுலகின் நண்பர்கள் போன்ற அமைப்புகள் தமிழில் விளக்கம் தந்தன, காணொலியில் பேசினார்கள், மின்னஞ்சலால் எதிர்ப்பைக் குவித்தார்கள். நாடெங்குமிருந்து 17 இலட்சம் அளவில் கருத்துரைகள் சென்று சேர்ந்தன. தெருவிலே நின்றிருந்தால் எண்ணியிருக்க மாட்டார்கள். அஞ்சலில் வந்ததால் எண்ண வேண்டியதாயிற்று.

இனிப்பு இதுவரைதான். கைபேசி எவரிடம் இருந்தது? பள்ளி மூடிக் கிடந்த திங்கள்களில் ஆசிரியர்கள் கண்கூடாகக் கண்ட உண்மை இது: வீட்டுக்கு ஒரு கைபேசி, அதுவும் விடிந்ததும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். எஞ்சியிருப்பது தாய், பாட்டி, பிள்ளை. கிராம சபையில் எழுந்து பேசும் உரிமை பெற்ற அந்தத் தாய்க்கு இணையவழிக் கூட்டத்தில் இருக்கை இல்லை. கல்வெட்டில் கால் வேலி நிலம் தகுதியாக இருந்ததுபோல, இங்கே கண்ணுக்குத் தெரியாமல் கைபேசி தகுதியாகிவிட்டது!

ஊராட்சிக்கெல்லாம் இணையம் தருகிறோம் என்று ஒரு திட்டம் இருந்ததே என்பீர்கள். இருந்தது. தமிழ்நாட்டின் 12,524 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட். ஏறத்தாழ 1,950 கோடி ரூபாய்க்கான அதன் ஒப்பந்தப்புள்ளியில் விதிகள் சிலருக்காக வளைக்கப்பட்டன என்று அறப்போர் இயக்கம் முறையிட்டது. 2020 சூனில் ஒன்றிய அரசு அந்த ஒப்பந்தப்புள்ளியை விலக்கிவிட்டு மீண்டும் கோரப் பணித்தது. முறையீட்டாளர்க்கு வெற்றி. சிற்றூர்களுக்கோ அந்த ஆண்டில் இழையும் வரவில்லை, சபையும் வரவில்லை.

உதவும் கைகளுக்கும் அவ்வாண்டே கட்டு விழுந்தது. வெளிநாட்டுக் கொடைச் சட்டத்தை 2020 செப்டம்பரில் திருத்தினார்கள். பெற்ற கொடையை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிக்கக்கூடாது. நிருவாகச் செலவு நூற்றுக்கு ஐம்பதிலிருந்து இருபதாகக் குறையவேண்டும். தில்லியில் உள்ள ஒரே வங்கிக் கிளையில்தான் கணக்குத் தொடங்கவேண்டும். பெருநகரத்து அமைப்பு கொடை பெற்று, சிற்றூரில் ஓர் அறையில் இயங்கும் சிறிய அமைப்புக்குப் பங்கு தருவதே வழக்கம். வாய்க்காலின் தலைமதகை அடைத்தால் கடைமடை காயும் என்பதை ஏரிப்பாசனச் சீமையாராகிய நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

இனி அந்த ஆறு திங்கள் விதி. சட்டமன்றத்துக்கும் அதே விதி உண்டு. 2020 மார்ச் 24இல் கலைந்த தமிழ்நாடு சட்டமன்றம் செப்டம்பருக்குள் கூடியாகவேண்டும். கோட்டையில் இடம் நெருக்கம்; விலகி அமர இயலாது. என்ன செய்தார்கள்? விதியை ஒத்திவைத்தார்களா? இல்லை. கலைவாணர் அரங்கத்தில் இடைவெளி விட்டு இருக்கைகள் போட்டு, செப்டம்பர் 14 முதல் மூன்று நாள் கூட்டினார்கள். நாடாளுமன்றமும் அதே 14ஆம் நாள் கூடிற்று. போற்றத்தக்க முயற்சி! மேலே இருக்கும் மன்றங்கள் நோய்க்கேற்ப இடம் மாறின, முறை மாறின, நின்றுவிடவில்லை. திறந்த வெளியில், ஆலமரத்தடியில், ஐம்பது பேர் ஆறடி இடைவெளியில் அமரக்கூடிய கிராம சபைக்கு மட்டும் ஏன் அந்த ஏற்பாடு இல்லை? மே மாதத்தில் மதுக்கடை திறந்தபோது, அதன் வாயிலில் நின்ற வரிசைக்கு வட்டம் போட்டு இடைவெளி அளந்தார்களே! அந்தச் சுண்ணாம்பில் கொஞ்சம் ஊராட்சி அலுவலகத்து வாயிலுக்குக் கிடைக்காமற் போயிற்றா?

அக்டோபர் 2க்கு மட்டும் சபை அறிவிக்கப்பட்டது. வேளாண் சட்டங்களை எதிர்த்துத் தீர்மானம் இயற்றுக என்று எதிர்க்கட்சிகள் மக்களை அழைத்தன. முந்தைய நாள் சபை நீக்கப்பட்டது, காரணம், கொரோனா! அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மு. க. ஸ்டாலின் திருவள்ளூர் மாவட்டம் கொரட்டூரில் ஊரைக் கூட்டித் தீர்மானம் இயற்றினார். டிசம்பரில் அவர் கட்சி ஊர்தோறும் கூட்டம் தொடங்கியபோது, கிராம சபை என்ற பெயரைக் கட்சிகள் பயன்படுத்தக்கூடாது என்றது அரசு. மக்கள் கிராம சபை என்று பெயர் மாறிற்று. அரசியல் ஆதாயம் இருந்திருக்கலாம், இருந்தது. ஆயினும் மக்கள் ஓரிடத்தில் அமர்ந்து பேசும் பழக்கம் அறவே அற்றுப்போகாமல் காத்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கூட்டங்களின் தீர்மானம் ஊராட்சியின் பதிவேட்டில் ஏறாது. அலுவலரைக் கட்டுப்படுத்தாது. அதே கட்சி 2021 மே மாதம் ஆட்சிக்கு வந்தபின், அவ்வாண்டு ஆகஸ்டு 15க்கு உரிய கிராம சபையும் கூடவில்லை என்பதை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

சபை மூடியிருந்த அந்நாட்களில் மூடிய கதவுக்குப் பின்னே என்ன நடந்தது? 2020 ஆகஸ்டு 15. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மூதாட்டி. நாட்டின் விடுதலை நாளில் கொடியேற்ற அவரை விடவில்லை. செய்தி பரவியது, ஐந்து நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் வந்து நிற்க, அவர் கையால் கொடி ஏறிற்று. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவரைத் தரையில் அமர்த்திவிட்டு, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்து மன்றக் கூட்டம் நடத்தினார்கள். அந்தப் படம் அக்டோபரில் கைபேசிகள்தோறும் ஓடிற்று. நாடு வெட்கித் தலைகுனிந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று.

படம் நீதியின் கதவைத் தட்டியது, உண்மை. ஆயின் அந்தப் பெண்மணி எத்தனை நாள் அப்படி அமர்ந்திருந்தாரோ அத்தனை நாளும் ஊரார் முந்நூறு பேர் பார்க்கும் திறந்த சபை கூடியிருந்தால், நாற்காலி மறுக்கும் துணிவு அவ்வளவு எளிதில் வந்திருக்குமா? வந்திருக்கலாம் என்றும் சிலர் சொல்வர். ஊரே பார்த்துக்கொண்டிருந்த கொடுமைகள் நம் நாட்டில் குறைவா என்பர். அதுவும் சரியே. ஆனால் பதிவேடு இருக்கும் இடத்தில் கொடுமைக்கும் பதிவு உண்டு. படம் எடுக்க ஒருவர் துணியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

2021 அக்டோபர் 2 அன்று தமிழ்நாட்டில் கிராம சபைகள் மீண்டும் கூடின. முதலமைச்சர் சென்று அமர்ந்த இடம் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி. தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கிய தலைமைப் பதவியில் எவரும் அமரவிடாமல் ஆதிக்க சாதியார் பத்தாண்டுக் காலம் தேர்தலையே முடக்கிய ஊர் அது. 2006இல்தான் அங்கே தேர்தல் நிறைவேறியது. பொருத்தமான தேர்வு. ஆனால் அன்றும் காஞ்சி மாவட்டத்தில் சபை இல்லை! இம்முறை காரணம் நோயன்று, தேர்தல். விடுபட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில் வாக்குப்பதிவு. ஐந்தாண்டு கழித்து உத்திரமேரூர் ஒன்றியத்து ஊராட்சிகளுக்குத் தலைவர்கள் வந்தார்கள். உத்திரமேரூர்ப் பேரூராட்சி இன்னும் காத்திருந்து 2022 பிப்ரவரி 19இல் வாக்களித்தது. அதற்குப் பிறகும் கல்வெட்டு நிற்கும் ஊருக்குக் கிராம சபை இல்லை. அது சட்டப்படி ஊராட்சிகளுக்கே உரியது, பேரூராட்சிக்கு இல்லை. மண்டபத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி இதைச் சொல்வதில்லை.

2022 ஏப்ரல் 24 அன்று நம் மாவட்டத்துச் செங்காட்டில் முதலமைச்சரே கிராம சபையில் அமர்ந்தார். ஆண்டுக்கு நான்காயிருந்த சபைகள், மார்ச் 22உம் நவம்பர் 1உம் சேர்ந்து ஆறாயின. அந்தக் கோடை கழிந்து ஆகஸ்டு முதல் வாரத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரில் விமான நிலையம் அமையும் என்று செய்தி வந்தது. ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் வீடும் வயலும் ஏரியும் அந்த எல்லைக்குள் இருந்தன. ஆகஸ்டு 15 வந்தது. இம்முறை சபைக்குத் தடை இல்லை. ஏகனாபுரத்தார் கூடினார்கள், நிலம் தர மாட்டோம் என்று தீர்மானம் எழுதுவித்தார்கள். அடுத்தடுத்து வந்த சபைகளிலும் அதையே திரும்பத் திரும்ப எழுதுவித்தார்கள்.